மேக்ரோவுக்கு முன்கதை தெரியாது: திருவிழா நேரலைக்கு வீடியோ ஸ்விட்சர் கட்டளைகள் எழுதும் முழு வழிகாட்டி

தங்கச்சிமடத்தை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றில் கொடியேற்றம். பங்குத்தந்தை கொடியை மந்திரித்து முடித்துக் கயிற்றில் கை வைத்துவிட்டார். வெடிக்காரர் பந்தத்தோடு தயாராக நிற்கிறார். எந்த கேமராவின் படம் நேரலைக்குப் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சரில் நான் மேக்ரோ பொத்தானை அழுத்தினேன். படம் கொடிமரத்துக்கு மாற வேண்டும், கீழே ‘திருக்கொடியேற்றம்’ என்ற எழுத்து வர வேண்டும். படம் மாறியது. எழுத்து வரவில்லை, அதற்கு முன்பே திரையில் இருந்த எழுத்தும் மறைந்தது. “அண்ணா, எழுத்து எங்கே போனது?” என்று இன்டர்காமில் தம்பி கேட்டபோது, கொடி பாதி மரம் ஏறியிருந்தது.

காரணம் சிறியது. பத்து விநாடிக்கு முன்பு தம்பி நல்லெண்ணத்தோடு அந்த எழுத்தைக் கையாலேயே போட்டு வைத்திருந்தான். என் மேக்ரோவில் இருந்ததோ ‘எழுத்தின் நிலையை மாற்று’ என்ற கட்டளை. இல்லாமல் இருந்தால் வரும், இருந்தால் போகும். இயந்திரம் நான் எழுதியபடிதான் நடந்துகொண்டது. மேக்ரோவுக்கு முன்கதை தெரியாது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு பாடத்திலிருந்து கிளைத்தது.

மண்டபம் முதல் தொண்டி வரை நேரலை செய்கிற நம் ஆட்களிடம் அதிகம் புழங்குவது பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஏடெம் வகை ஸ்விட்சர்கள் என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். மென்பொருளில் ஸ்விட்சிங் செய்யும் விமிக்ஸ் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மேக்ரோ என்பது நீங்கள் அடுத்தடுத்து அழுத்தும் பொத்தான்களை வரிசையாக எழுதி வைத்து, ஒரே அழுத்தில் ஓடவிடுவது. ஏடெம்மில் இப்படி 100 மேக்ரோ வரை வைத்துக்கொள்ளலாம். அதில் ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்ற நிபந்தனைக் கட்டளை கிடையாது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக ஓடும், அவ்வளவுதான். ஆகவே யோசனை முழுவதையும் எழுதும்போதே நாம் செய்து முடித்துவிட வேண்டும்.

முதல் படி: காகிதமும் பேனாவும்

ஸ்விட்சரைத் தொடுவதற்கு முன் நிகழ்ச்சியை ஒரு தாளில் எழுதுங்கள். நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கடிகாரம் தீர்மானிப்பவை: ஒரு காட்சி இன்னொன்றாகக் கரைய ஆகும் நேரம், பெயர் திரையில் நிற்க வேண்டிய நேரம். வலப்பக்கம் மனிதர்கள் தீர்மானிப்பவை: மந்திரித்தல் எப்போது முடியும், கயிறு எப்போது இழுக்கப்படும், கொடி எப்போது உச்சியைத் தொடும்.

இந்தக் கோட்டைச் சரியாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் ஒத்திகையில் கொடி ஏற 40 விநாடி ஆனது என்று மேக்ரோவிலும் 40 விநாடி காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். திருவிழா அன்று கச்சான் என்னும் மேற்குக் காற்றில் கொடி கயிற்றோடு சுற்றிக்கொள்ளும். இரண்டு நிமிடம் ஆகும். கூட்டம் மேலே பார்த்துக் கை தட்டும்போது நம் திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். மனிதர்களின் நேரத்தை விநாடியில் எழுதவே எழுதாதீர்கள். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது, வருகிறேன்.

ஏர்வாடியில் சந்தனக்கூடு, ராமேஸ்வரத்தில் ஆடித் திருக்கல்யாணம், கீழக்கரையில் ஒரு நிக்காஹ் என எதை எடுத்தாலும் இதே கோடு பொருந்தும். வரிசை மாறாது, நேரம் மாறும்.

இரண்டாம் படி: ஸ்விட்சரின் அடித்தளம்

வீடியோ தரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் (தனிப்படம்) வைத்தால் சீரியல் விளக்கும் டியூப் லைட்டும் படத்தில் துடிக்க வாய்ப்பு அதிகம். நான் 1080 பி 25 வைக்கிறேன். கேமராக்களில் ஷட்டர் 50-ல் ஒரு பங்கு. இதற்கும் மேக்ரோவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஏடெம் மேக்ரோவில் காத்திருக்கும் நேரம் ஃபிரேம் கணக்கில் எழுதப்படுகிறது. 25 ஃபிரேம் என்றால் ஒரு விநாடி. வேறு தரத்துக்கு மாறினால் கணக்கும் மாறிவிடும். எல்லா மேக்ரோவையும் மறுபடி ஓட்டிப் பார்க்காமல் நேரலைக்குப் போகக் கூடாது.

அடுத்து எந்த கேமரா எந்த எண் என்பதை அந்தத் திருவிழா முடியும்வரை மாற்றாதீர்கள். என் வரிசை இது: 1 பீடம், 2 கொடிமரம், 3 மாடியிலிருந்து மொத்தக் கூட்டம், 4 கையில் திரியும் ஜிம்பல் (ஆட்டத்தைக் குறைக்கும் பிடியில் பொருத்திய கேமரா). இரண்டாம் கேமராவின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் பாருங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் துணி கிழக்கு நோக்கி விரியும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். தவறான பக்கத்தில் கேமராவை நட்டால் கொடியில் இருக்கும் புனிதரின் முகம் நேரலையில் ஒரு தடவைகூடத் தெரியாது. எந்த மேக்ரோவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாம் படி: பதிவு செய்தல்

ஏடெம் கட்டுப்பாட்டு மென்பொருளில் மேக்ரோ சன்னலைத் திறந்து, காலி இடம் ஒன்றைத் தேர்ந்து, பெயர் கொடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். அதன் பிறகு நீங்கள் அழுத்துவது எல்லாம் வரிகளாகச் சேரும். விநாடிக் கணக்கில் இடைவெளி சேர்க்கவும், இயக்குநரின், அதாவது ஸ்விட்சரை இயக்குபவரின், அடுத்த அழுத்துக்காக நிறுத்தி வைக்கவும் அதே சன்னலில் வசதி உண்டு. நீங்கள் பொத்தான்களுக்கு இடையே யோசித்த நேரம் பதிவாகாது. இடைவெளியை நீங்களே சேர்க்க வேண்டும்.

பலர் வழுக்கி விழுவது அடுத்த விஷயத்தில்தான். பதிவு செய்யும்போது மாற்றங்கள் மட்டுமே பதிவாகின்றன. கரையும் நேரம் ஏற்கெனவே ஒரு விநாடியில் இருக்கிறது, உங்களுக்கும் ஒரு விநாடிதான் வேண்டும் என்றால், நீங்கள் எதையும் தொடமாட்டீர்கள். ஆகவே மேக்ரோவிலும் எதுவும் எழுதப்படாது. நிகழ்ச்சி அன்று யாரோ அதை மூன்று விநாடிக்கு மாற்றியிருந்தால், உங்கள் மேக்ரோ மூன்று விநாடியில்தான் கரையும். தீர்வு எளிது: வேண்டிய மதிப்பு ஏற்கெனவே இருந்தாலும் அதை வேறொன்றுக்கு மாற்றி, மறுபடி வேண்டியதற்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வரியும் பதிவாகும். தேவையற்ற முதல் வரியைப் பின்னால் அழித்துவிடலாம்.

நான்காம் படி: கோப்பைத் திறந்து எழுதுதல்

பதிவு என்பது கரட்டு வரைவு. உண்மையான எழுத்து வேலை இங்கேதான் தொடங்குகிறது. கோப்பு மெனுவில் சேமிக்கும் இடத்துக்குப் போய் மேக்ரோ பகுதியைத் தேர்ந்து சேமித்தால், எக்ஸ்.எம்.எல். என்ற வகை எழுத்துக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதை நோட்பேட் போன்ற சாதாரண எழுத்துக் கருவியில் திறவுங்கள். வேர்டில் திறக்காதீர்கள், அங்கே நீங்கள் தட்டும் நேரான மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றிவிடும், ஸ்விட்சர் கோப்பை ஏற்காது.

உள்ளே ஒவ்வொரு மேக்ரோவும் ஒரு தொகுதி. அதற்குள் ஒவ்வொரு கட்டளையும் ‘ஆப்’ என்று தொடங்கும் ஒரு வரி. கட்டளையின் பெயர், எந்தப் பகுதிக்கு என்ற எண், என்ன மதிப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரே வரியில் இருக்கும். எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். படத்தின் மேல் எழுத்தை ஏற்றும் அடுக்குக்கு டவுன்ஸ்ட்ரீம் கீ என்று பெயர்; திரையில் முதல் டவுன்ஸ்ட்ரீம் கீ என்று நாம் பார்ப்பது கோப்பில் 0. மீடியா தொகுப்பில், அதாவது ஸ்விட்சரில் ஏற்றி வைத்த படங்களில், மூன்றாம் படம் கோப்பில் 2. கேமரா போன்ற உள்ளீடுகள் பெயரோடு வருவதால் ‘கேமரா1’ என்றே இருக்கும். இந்த வேறுபாட்டில் தடுமாறி அடுத்த படத்தைத் திரையில் போட்டவர்கள் ஏராளம்.

கொடியேற்றத்துக்கு நான் இப்போது பயன்படுத்தும் மேக்ரோ கீழே இருக்கிறது. கோப்பில் ஆங்கில எழுத்தில் இருப்பதைப் பொருள் புரியும்படி தமிழில் தருகிறேன். டவுன்ஸ்ட்ரீம் கீயைச் சுருக்கமாக ‘எழுத்து’ என்று குறிக்கிறேன். புரோகிராம் என்பது திரைக்குப் போகும் படம்; பிரிவியூ என்பது அடுத்து வரக் காத்திருக்கும் படம்; டிரான்சிஷன் என்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது; மிக்ஸ் என்பது கரைந்து மாறுவது; ஆட்டோ என்பது அந்த மாற்றத்தைத் தானாக நடத்துவது; ஆன் ஏர் என்றால் திரையில் இருப்பது; கட்டுவது என்றால் படம் மாறும்போது எழுத்தும் சேர்ந்து மாறும்படி இணைப்பது; மீடியா பிளேயர் என்பது மீடியா தொகுப்பின் படத்தைத் திரைக்குத் தருவது.

1. எழுத்து 0: டிரான்சிஷனோடு கட்டியிருந்தால் அவிழ்
2. எழுத்து 0: ஆன் ஏர், இல்லை
3. அடுத்த டிரான்சிஷன்: பின்னணி மட்டும்
4. டிரான்சிஷன் வகை: மிக்ஸ்
5. மிக்ஸ் நேரம்: 25 ஃபிரேம்
6. பிரிவியூ: கேமரா 2
7. ஆட்டோ டிரான்சிஷன்
8. காத்திரு: 30 ஃபிரேம்
9. இயக்குநரின் அழுத்துக்காக நில்
10. புரோகிராம்: கேமரா 3
11. காத்திரு: 75 ஃபிரேம்
12. புரோகிராம்: கேமரா 2
13. இயக்குநரின் அழுத்துக்காக நில்
14. மீடியா பிளேயர் 0: படம் 2
15. எழுத்து 0: கரையும் நேரம் 15 ஃபிரேம்
16. காத்திரு: 2 ஃபிரேம்
17. எழுத்து 0: ஆட்டோ
18. காத்திரு: 140 ஃபிரேம்
19. எழுத்து 0: ஆட்டோ
20. காத்திரு: 20 ஃபிரேம்
21. எழுத்து 0: ஆன் ஏர், இல்லை
22. பிரிவியூ: கேமரா 1

முதல் ஐந்து வரிகளால் பார்வையாளர் காணும் படம் பெரும்பாலும் மாறாது. ஏற்கெனவே எழுத்து நின்றால் அது போகும், அவ்வளவே. ஆனால் அந்த ஐந்தும்தான் இந்த மேக்ரோவின் உயிர். ஸ்விட்சர் எந்த நிலையில் இருந்தாலும் அதை நமக்குத் தெரிந்த நிலைக்கு அவை இழுத்து வருகின்றன. தம்பி முன்கூட்டியே எழுத்தைப் போட்டிருந்தாலும் இரண்டாம் வரி அதை எடுத்துவிடும்.

கட்டளைகளில் இரண்டு இனம் உண்டு. ‘ஆன் ஏர், இல்லை’ என்பது நிலையைச் சொல்லும் கட்டளை; பத்து தடவை ஓடினாலும் முடிவு ஒன்றே. ‘ஆட்டோ’ என்பது நிலையைப் புரட்டும் கட்டளை. முன்பு என்ன இருந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். முதல் இனத்தை எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை, அதற்கு முன்பே நிலையைச் சொல்லி வைத்த பிறகுதான் எழுத வேண்டும். 17-ஆம் வரியில் ஆட்டோவைத் துணிந்து எழுதியிருப்பது, இரண்டாம் வரியில் எழுத்தை அணைத்துவிட்டோம் என்பதால். அப்படியும் 9-ஆம், 13-ஆம் வரிகளில் மேக்ரோ நின்றுகொண்டிருக்கும்போது யாராவது கை வைக்கக்கூடும். குழுவில் நான்கு பேர் ஸ்விட்சரைத் தொடுவார்கள் என்றால், இரண்டாம் வரியை 14-க்கு முன்பு இன்னொரு தடவை எழுதிவிடுங்கள். அப்போது 16-ஆம் வரியின் இரண்டு ஃபிரேம், அணைத்தலும் ஏற்றுதலும் ஒரே கணத்தில் முட்டிக்கொள்ளாமல் இடைவெளியாகவும் நிற்கும்.

படத்தை முழுதாகக் கருப்பாக்கும் ஃபேட் டு பிளாக் ஆட்டோவும் புரட்டும் இனம்தான். அதை எந்த மேக்ரோவிலும் நான் எழுதுவதில்லை. தவறுதலாக இரண்டாம் தடவை ஓடினால், மூடிவிட்டோம் என்று நினைத்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் முகம் நேரலையில் வந்துவிடும்.

6-ஆம், 7-ஆம் வரிகளைப் பாருங்கள். ஆட்டோ டிரான்சிஷன் பிரிவியூவில் இருப்பதைக் கொண்டுவரும். அது புரட்டும் கட்டளைதான், ஆனால் ஆறாம் வரி பிரிவியூவைத் தீர்மானித்துவிட்டது. ஏற்கெனவே கேமரா 2 திரையில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டிலிருந்து இரண்டுக்கே கரையும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் தீங்கு விளைவிக்காத இப்படிப்பட்ட வரிகளைத் தேடித் தேடி எழுதுவதுதான் இந்தக் கலை என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் கணக்கு

மேக்ரோ ஒரு வரியைக் கொடுத்துவிட்டு, அது முடிந்ததா என்று பார்க்காது. உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். ஏழாம் வரி ஒரு விநாடியில் கரையச் சொல்கிறது. எட்டாம் வரி இல்லாமல் அடுத்த கேமராவுக்கான வரி வந்தால், கரைந்துகொண்டிருக்கும்போதே படம் வெட்டிக் குதிக்கும். ஆகவே கரையும் நேரம் 25 ஃபிரேம் என்றால் காத்திருப்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 30. எழுத்துக்கும் அதே கணக்கு: உள்ளே வர 15 ஃபிரேம், படிக்க 125 ஃபிரேம், மொத்தம் 140. ஐந்து விநாடி என்பது ஒரு வரித் தமிழை ஒரு முதியவர் நிதானமாகப் படிக்கப் போதும். ஊர்ப்பெயர், பங்கின் பெயர், ஆண்டு என்று மூன்று வரி வைத்தால் எட்டு விநாடி கொடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தபடி கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு எழுத்து சிறியதாகத்தான் தெரியும், அவர்களுக்காகத்தானே நேரலை.

9-ஆம், 13-ஆம் வரிகளில் இருக்கும் ‘நில்’, தாளின் வலப்பக்கத்துக்கு உரியது. கயிறு அசையத் தொடங்கியதும் ஒரு அழுத்து. கொடி உச்சியைத் தொட்டதும் இன்னொரு அழுத்து. நடுவே எவ்வளவு நேரம் ஆனாலும் மேக்ரோ பொறுமையாக நிற்கும். நீங்களும் கேமராக்களை வழக்கம்போல் கையால் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மேக்ரோதான் ஓடும். இது நின்றுகொண்டிருக்கும்போது வேறொன்றை அழுத்தினால் இது கைவிடப்படும். அதனால் நீண்ட மேக்ரோவின் நடுவே பெயர்ப்பட்டை போட வேண்டியிருந்தால், பட்டைக்கு மேக்ரோ வைக்காமல் கையால் போடுங்கள்.

ஆறாம் படி: ‘கரை’ என்று ஒரு மேக்ரோ

எது எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை எழுதுங்கள். எல்லாம் குழம்பும்போது அழுத்த ஒரு மேக்ரோ. கடலிலிருந்து வந்து ஒதுங்கும் கரை என்ற பொருளில் அதற்குக் கரை என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லா எழுத்தும் அணைந்திருக்கும், எல்லாக் கட்டும் அவிழ்ந்திருக்கும், வகை மிக்ஸ், நேரம் 25, புரோகிராம் கேமரா 3, பிரிவியூ கேமரா 1. மூன்றாம் கேமரா மாடியில் முக்காலியில் அசையாமல் கூட்டத்தையும் கடலையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்கும். எந்த நேரத்தில் திரைக்கு வந்தாலும் அழகாக இருக்கும் படம் அது ஒன்றுதான். கரையில் ஒரே ஒரு ‘காத்திரு’ வரிகூட இருக்கக் கூடாது. அழுத்தியதும் வந்துவிட வேண்டும்.

ஏழாம் படி: திருப்பி ஏற்றுதல்

திருத்திய கோப்பை ஸ்விட்சரில் ஏற்றும்போது எந்தெந்தப் பகுதிகளை ஏற்றுவது என்று மென்பொருள் கேட்கும். மேக்ரோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழுக் கோப்பையும் ஏற்றினால் மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குத் தாவும். நேரலை ஓடும்போது இதைச் செய்யவே வேண்டாம்.

இதே இடத்தில் மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். திருவிழாக்களில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடி போதும், ஸ்விட்சர் அணைந்து எழ. மேக்ரோக்கள் ஸ்விட்சரிலேயே தங்கும். ஆனால் பல பழைய மாடல்களில் மீடியா தொகுப்பில் ஏற்றிய படங்கள் அணைந்தால் போய்விடும். மேக்ரோ ‘படம் 2’ என்று சரியாகக் கேட்கும், அங்கே ஒன்றும் இருக்காது. ஸ்விட்சருக்கும் மடிக்கணினிக்கும் சிறிய யு.பி.எஸ். வையுங்கள். தொடக்க நிலையைச் சேமிக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். இணைப்பு முனைகளை வேலை முடிந்த அன்றே துடையுங்கள். நம் உப்புக் காற்றுக்கு இரண்டு நாள் போதும்.

எட்டாம் படி: கெடுத்து வைத்து ஓட்டுதல்

சரியான நிலையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. வேண்டுமென்றே கெடுத்து வையுங்கள். எழுத்தைத் திரையில் போடுங்கள். அதை டிரான்சிஷனோடு கட்டுங்கள். மிக்ஸை ‘வைப்’ என்னும் துடைத்து மாறும் வகைக்கு மாற்றி, நேரத்தை நான்கு விநாடி ஆக்குங்கள். பிரிவியூவில் கருப்பை வையுங்கள். இப்போது மேக்ரோவை ஓட்டுங்கள். தாளில் எழுதியபடி அச்சாக வந்தால் ஒரு மதிப்பெண். மறுபடி வேறு விதமாகக் கெடுத்துப் பாருங்கள். அடுத்து, மேக்ரோ பாதியில் நிற்கும்போது கரையை அழுத்திப் பாருங்கள். பிறகு அதே மேக்ரோவைத் தொடர்ந்து இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டாவது தடவையும் முதல் தடவை போலவே இருக்க வேண்டும். கெடுக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுப்பது நல்லது. நாம் எழுதியதை நாமே கெடுக்க நமக்கு மனம் வராது.

மடிக்கணினியில் விமிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இலக்கணம் அதுவே, கணக்கு வேறு. அங்கே காத்திருப்பு மில்லிவிநாடியில்; ஒரு விநாடி என்பது 1000. ஏடெம்மில் பழகியவர் 25 என்று எழுதினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எழுத்துக்கு ஓவர்லே என்று பெயர். வெறும் ஓவர்லே கட்டளை புரட்டும் இனம். இன், அவுட் என்று முடியும் கட்டளைகள் நிலையைச் சொல்பவை. ஆகவே ஸ்கிரிப்டில் பின்னவற்றையே எழுதுங்கள். உயர்நிலைப் பதிப்புகளில் விபி டாட் நெட் என்ற நிரல் மொழியில் எழுதலாம் என்பதால் நிபந்தனையும் உண்டு: ஓவர்லே இப்போது திரையில் இருக்கிறதா என்று கேட்டு அதற்கேற்ப நடக்கச் செய்யலாம். இருந்தாலும், நிபந்தனை இல்லாமலே சரியாக ஓடும் ஸ்கிரிப்டைத்தான் நான் விரும்புகிறேன். இரவு பதினொரு மணிக்குத் தேர் பவனியின் நடுவே அதைப் படித்துத் திருத்த வேண்டி வந்தால், ஐந்து நேர் வரி எளிதாகப் புரியும்.

நிகழ்ச்சி நாள்

ஒரு அட்டையில் மேக்ரோ எண்ணும் பெயரும் ‘நில்’ எத்தனை என்பதும் பெரிய எழுத்தில் எழுதி ஸ்விட்சருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ‘2. கொடி: இரண்டு நில். கயிறு அசைந்ததும், உச்சி தொட்டதும்.’ இவ்வளவு போதும். கரைக்கு எப்போதும் ஒரே எண். நான் முதல் இடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன், இருட்டிலும் விரல் தேடாது. நேரலை தொடங்கும் முன் கரையை ஒரு தடவை அழுத்தி, எல்லாப் படங்களையும் ஒரே திரையில் காட்டும் மல்டிவியூவில் நான்கு கேமராவும் எழுத்தும் சரியாக இருப்பதைப் பாருங்கள்.

முடிந்ததும் கேபிளைச் சுருட்டுவதற்கு முன்பே கோப்பைச் சேமியுங்கள். ஊர், விழா, தேதி மூன்றும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். அன்று எந்த இடத்தில் மேக்ரோவை மீறிக் கையால் மாற்ற வேண்டியிருந்தது என்பதை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். பத்தாம் நாள் கொடியிறக்கத்துக்கு வரும்போது, திருத்த வேண்டிய வரி அங்கேதான் இருக்கும்.